தானாக மடங்காத இருக்கை

என் தங்கை விமானத்தில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால், எதிரில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தெந்த ஊரெல்லாம் பார்த்திருக்கிறாள்?" என்பதுதான். பன்னிரண்டு வருடத்தில் அவள் அதிகமாகப் பார்த்தது விமான நிலையங்களின் பின்பக்கம். ஊழியர் நுழையும் கதவு, பெட்டியைச் சோதிக்கும் மேசை, ஜன்னல் இல்லாத நீளமான நடைவழி, அப்புறம் விமானத்தின் படிக்கட்டு. போய் இறங்கும் ஊரில் முக்கால் மணி நேரம் நிற்பார்கள். அந்த முக்கால் மணி நேரமும் விமானத்துக்குள்ளேயே வேலை இருக்கும். ஆட்கள் இறங்கியதும் கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஏறுவார்கள், அவர்கள் போனதும் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்ததும் அடுத்த கூட்டம் ஏறும். ஒரு நாளைக்கு நான்கு முறை இப்படி. ஊர் என்று அவள் பார்ப்பது கதவு வழியாகத் தெரியும் வெயிலைத்தான்.

அவளுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்குப் பதினொன்று. நான் எட்டாவதோடு நின்று தையல் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவளைப் படிக்க வைத்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், ஆனால் படித்தது அவள்தான். பட்டம் வாங்கிய வருடமே இந்த வேலைக்கு எழுதிப் போட்டாள். நேர்முகத் தேர்வில் சுவரில் ஒரு கோடு போட்டு, குதிகாலைத் தூக்கி நின்று விரலால் தொடச் சொன்னார்களாம். கோட்டின் உயரம் இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். இவள் விரல் அதற்கு மேலே இரண்டு விரல்கடை போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், "மேல் அலமாரி டப்பா எடுக்கத்தான் ஆள் தேடுறாங்கன்னா நம்ம வீட்டுலயே வேலை காலியா இருக்கே, எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?" என்றார். "உங்க வீட்டுல சம்பளம் குடுக்க மாட்டீங்களே மாமா," என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அவள் அறைக் கதவில் அந்த வார வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பேன். இவள் எப்போது தூங்க வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் நாங்கள் பாத்திரம் தேய்ப்போம்.

அவள் வேலையில் ஒரு முறை உண்டு. விமானத்தில் ஏறியதும் ஒவ்வொரு ஊழியரும் தன் பொறுப்பில் இருக்கிற சாமான்களைச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா, தீயணைப்பான் முத்திரை உடையாமல் இருக்கிறதா, டார்ச்சில் சின்ன விளக்கு மினுக்குகிறதா, இருக்கைக்குக் கீழே லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஒரு பட்டியல். எல்லோரும் கண்ணால் பார்த்து டிக் அடிப்பார்கள். என் தங்கை ஒவ்வொன்றையும் தொடுவாள். தொட்டால்தான் மனசில் ஏறும் என்பாள். முதல் வருடத்திலேயே அவளுக்குத் 'தொட்டுப்பார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கு தொட்டுப்பார் கூட டியூட்டி, எல்லாரும் சீக்கிரம் ஏறுங்கப்பா" என்று கிண்டல் செய்வார்களாம். அவளுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் கர்வம். எனக்கு அதைவிட அதிகம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சளியோடு வேலைக்குப் போனாள். ஆள் பற்றாக்குறை, வரச் சொல்லிவிட்டார்கள். விமானம் இறங்கும்போது இடது காது சவ்வு கிழிந்துவிட்டது. ஆறிய பிறகும் அந்தக் காது பழையபடி இல்லை. இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் எதைச் சொன்னாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும் என்பாள். காது டாக்டர், "இப்படியே மேல போய்க் கீழ வந்துட்டு இருந்தா கேக்குறது கொஞ்சம் கொஞ்சமா போயிடும். தரையில ஒரு வேலை பாத்துக்கங்க," என்றார்.

தரையில் ஒரு வேலை இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற பயிற்சி நிலையம். காலை ஒன்பது மணிக்குப் போய் ஐந்தரைக்கு வீடு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க, 'இன்சார்ஜ்' பதவியில் உறுதி செய்யப்பட்டவராக இருக்க வேண்டும். இன்சார்ஜ் என்றால் அந்த விமானத்தின் பயணிகள் பகுதி முழுவதற்கும் பொறுப்பானவர். அந்தப் பொறுப்பை இவளுக்குக் கொடுத்து ஆறு மாதம் சோதனைக் காலம் வைத்திருந்தார்கள். இருபத்தெட்டாம் தேதியோடு அது முடிகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் முப்பது. பூர்த்தி செய்த படிவம் என் பீரோவில், துணிக்கு அடியில், கசங்காமல் இருந்தது. கோப்பில் ஒரு கெட்ட குறிப்பும் விழாமல் இருபத்தெட்டு வரைக்கும் ஓட்டிவிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் நினைப்பு.

நான் சொல்ல வந்தது பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை நடந்தது. நான் அங்கே இல்லை. அவள் சொல்லியும், அவளோடு வேலை பார்த்தவர் சொல்லியும், அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்தும் எழுதுகிறேன்.

அன்று ஆறு பத்துக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள். விமான ஊழியருக்கு அந்தக் கையெழுத்திலிருந்து கடிகாரம் ஓடும். அன்றைய வேலைக்குப் பதினோரு மணி நேரம் வரம்பு. மாலை ஐந்து பத்துக்குள் கடைசி விமானம் வந்து நின்றுவிட வேண்டும். வராது என்று தெரிந்தால் கிளம்பவே கூடாது. முதல் இரண்டு பயணம் ஒரு விமானத்தில் முடிந்தது. பிறகு வேறு விமானத்துக்கு மாறச் சொன்னார்கள். பதினொன்று ஐம்பதுக்கு அதில் ஏறி, வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தொட்டுச் சோதித்து, 'எல்லாம் நல்ல நிலை' என்று கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது பயணம் போய், இரண்டு ஐந்துக்கு அந்த ஊரில் இறங்கினார்கள். அங்கிருந்து திரும்பி வந்தால் வீடு.

பயணிகள் இறங்கியதும், முன்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து குதிகாலுக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். புது ஷூ. அது இரண்டு பேர் உட்காரும் இருக்கை. சுவரோடு சுவராக இருக்கும், உட்காரும்போது பலகையைக் கீழே இறக்கிக்கொள்ளலாம், எழுந்தால் தானாகப் படக்கென்று மேலே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போது கேப்டன் பயணிகள் தாளைக் கேட்டுக் குரல் கொடுத்தார். இவள் ஒரு கையில் தாள்கட்டும் ஒரு கையில் கழற்றிய ஷூவுமாக எழுந்து, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு போனாள்.

பின்னாலேயே 'ஐயோ' என்று ஒரு சத்தம். அவளோடு முன்பக்கம் வேலை பார்ப்பவர், தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், இறங்கியபடியே இருந்த இருக்கையில் முழங்காலை இடித்துக்கொண்டார். ஒன்பது வருட சர்வீஸ். வாய் ஓயாதவர் என்பதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"தாயே, எழுந்து போகும்போது கடையை மூடிட்டுப் போகக் கூடாதா?"

"அதுவே மூடிக்கும்ல?"

"எங்க மூடுது? நின்னுட்டு இருக்கு பாருங்க, என் காலுக்காகவே."

தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தாள். பலகை நீட்டியபடி இருந்தது. மேலே தூக்கிவிட்டாள், நின்றது. கீழே இறக்கிக் கையை எடுத்தாள், அப்படியே கிடந்தது. ஐந்து முறை செய்தாள். ஐந்து முறையும் அப்படியே.

"காலையில நல்லாதானே இருந்துச்சு?" என்றாள்.

ரேடியோ முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க எழும்போது முட்டியால ஒரு தள்ளு தள்ளுவீங்க. அது போய் ஒட்டிக்கும். நானும் பாத்துட்டுதான் இருக்கேன், ஏதோ ஸ்டைலுன்னு நெனைச்சேன்," என்றார். பிறகு யோசித்து, "நானும் அப்படித்தான் தள்ளுறேன். எல்லாரும் அப்படித்தான் தள்ளுறோம்," என்றார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொன்று ஐம்பதுக்குச் சோதித்தபோது இருக்கையை இறக்கினாள், உட்கார்ந்தாள், பெல்ட்டை மாட்டிப் பார்த்தாள், எழுந்தாள். கை அடுத்ததாக மேலே மாட்டியிருக்கும் டெலிபோனுக்குப் போனது, முழங்கால் பலகையைத் தள்ளியது. பட்டென்று மூடியது. டிக் அடித்தாள். முழங்கால் படாமல் விலகி நின்று பார்த்திருந்தால், பலகை மடங்காமல் கிடந்ததைக் கண்டிருப்பாள். எல்லாவற்றையும் தொடுகிற பழக்கமே ஸ்பிரிங் செத்ததை மறைத்துவிட்டது.

இருக்கை மடங்காவிட்டால் என்ன பெரிய விஷயம் என்று நானும் அவளைக் கேட்டேன். அந்தப் பலகை கதவை மறித்து நிற்கும். புகை சூழ்ந்து எல்லோரும் கதவுக்கு ஓடிவரும் நேரத்தில் முதல் ஆள் அதில் தடுக்கி விழுவார். பின்னால் வருபவர் அவர்மேல் விழுவார். அதற்கப்புறம் அந்தக் கதவு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கேப்டனிடம் போய்ச் சொன்னாள். அவர் ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றி மேலே வைத்துவிட்டுக் கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விமான வேலையில், எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் ஒன்று உண்டு. நின்றுகொண்டு வாயால் சொல்வது வெறும் பேச்சு. பழுதுப் புத்தகத்தில் ஏறியதுதான் பழுது. ஏறிவிட்டால் என்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை சக்கரம் உருளாது. அதனால் வெளியூரில் எதைக் கண்டாலும் முதலில் பேசிப் பார்ப்பார்கள். அங்கே சரிசெய்ய வசதி இல்லையென்றால் வீட்டு நிலையத்தில், அதாவது காலையில் கிளம்பிய சொந்த ஊரில், போய் இறங்கி, 'இப்போது கண்டோம்' என்று எழுதுவார்கள். எரியாத விளக்கு, காபி கொட்டிய மெத்தை மாதிரியான விஷயங்களில் அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"எழுதத்தான் போறோம்மா," என்றார் கேப்டன். "இங்க எழுதுறதா, வீட்ல போய் எழுதுறதாங்கிறதுதான் கேள்வி. இப்ப வரைக்கும் நாம பேசிட்டுதானே இருக்கோம்?"

"பேசிட்டுதான் சார் இருக்கோம்."

"இங்க ஸ்பிரிங் கெடைக்காது. மூணு நாப்பதுக்குள்ள கெளம்பலன்னா நம்ம நேரம் முடிஞ்சிரும். வெளிய நூத்தி எண்பது பேர் நிக்கிறாங்க. அத்தனை பேரும் இங்கயே கெடக்கணும். நாமளும்தான்."

"தெரியும் சார்."

"எனக்குக் காலையில இருந்து முதுகு விட்டுப் போச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்தாப் போதும்னு இருக்கு." கண்களைக் கசக்கிக்கொண்டார். "வற்புறுத்தல. அது உங்க கதவு. நீங்க சொல்றதுதான்."

அவளுக்கும் போதும் என்றுதான் இருந்தது. குதிகால் எரிந்தது. இடது காதில் இன்னும் அடைப்பு விடவில்லை. கேப்டன் சொன்னதில் பாதிதான், அதுவும் வலது காதில், விழுந்தது. அப்போது இருபத்தெட்டாம் தேதி ஞாபகம் வந்ததாம். வரவில்லை என்று சொன்னால் பொய் என்றாள் என்னிடம்.

"புத்தகத்தைக் குடுங்க சார்," என்றாள்.

"நெனைச்சேன்," என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஊரில் அவர்கள் கம்பெனி என்ஜினியர் கிடையாது. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு. எதற்கும் அவசரப்படமாட்டார் என்பதால் ஊழியர்களுக்குள் அவர் பெயர் 'பொறுமை'. இரண்டு இருபத்திரண்டுக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு நாற்பத்தாறுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நின்று முதலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ரேடியோ தாங்க முடியாமல், "சார், நாங்க இன்னைக்கே போகணும் சார்," என்றார்.

"போலாம் போலாம். வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது."

கீழே உட்கார்ந்து, பலகையின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை விட்டு எதையோ தடவினார். ஸ்பிரிங் இரண்டு துண்டாக இருந்தது.

"இது இன்னைக்கு ஒடஞ்சது இல்ல," என்றார். "ஒடஞ்ச வாயில கருப்பா அழுக்கு ஏறியிருக்கு. மூணு வாரமாவது இருக்கும்."

ரேடியோ குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"புத்தகத்துல நீங்க என்ன எழுதுவீங்க சார்?" என்று என் தங்கை கேட்டாள்.

"ஒடஞ்சிருக்குன்னு எழுதுவேன். எப்ப ஒடஞ்சதுன்னு எழுத எனக்கு ஜோசியம் தெரியாது." பொறுமை எழுந்து நின்று மூச்சு வாங்கினார். "அது உங்க பாடு."

மாற்று ஸ்பிரிங் இல்லாததால் விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். பலகையை மேலே தூக்கிப் பட்டையால் இறுக்கிக் கட்டி, 'உபயோகிக்கக் கூடாது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டினார். அங்கே உட்கார வேண்டிய இரண்டு ஊழியர்களும் முதல் வரிசையில் பயணிகள் இருக்கையில் உட்கார வேண்டும். ஆக, இரண்டு பயணிகள் இறங்க வேண்டும்.

இது நடக்கும்போது மணி மூன்று பதினெட்டு. அதற்குள் எல்லோரையும் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். என் தங்கை மைக்கில் விஷயத்தைச் சொல்லி, மறுநாள் காலை போகச் சம்மதிக்கிற இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டாள். ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் திடீரென்று ஜன்னலைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் ஒரு பெரியம்மா மட்டும், "சீட்டு ஒடஞ்சதை ஏம்மா மொதல்லயே பாக்கல?" என்று கேட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் பதினாறாவது வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்க்கிறவர்கள்.

"ஹோட்டல் நீங்கதானே குடுப்பீங்க?"

"ஆமாம் சார், சாப்பாடும்."

ஒருவர் மற்றவரிடம், "எறங்குடா. வீட்டுக்குப் போனா தண்ணி மோட்டார் என்னாச்சுன்னு கேப்பா. நாளைக்குப் பதில் சொல்லிக்கலாம்," என்றார். விமானத்தில் அன்று சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போது மட்டும்தான்.

முதல் வரிசையிலிருந்த இருவரை அந்த இடத்துக்கு மாற்றிவிட்டு, மூன்று முப்பத்தாறுக்குக் கதவை மூடினார்கள். கேப்டன் அவளைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினார். நான்கு நிமிடம் மீதி. பயணிகள் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டபோது பக்கத்திலிருந்தவர், "என்ன மேடம், நீங்களும் டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்றார். "ஒரு நாளாவது உக்காந்து போலாம்னுதான் சார்," என்றாள். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாளாம்.

வீட்டு நிலையத்தில் இறங்கியும் வேலை அதோடு முடியவில்லை. தாமதமாகக் கிளம்பினால் இன்சார்ஜ் அறிக்கை எழுத வேண்டும். ஊழியர் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ரேடியோ வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். படிவத்தில் ஒரு கேள்வி: 'கடைசியாகச் சோதித்தவர் யார், எப்போது, என்ன கண்டார்?' அவள் எழுதியது இது. நகலிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறேன்.

'பதினொன்று ஐம்பதுக்கு நான் சோதித்தேன். நல்ல நிலை என்று கையெழுத்திட்டேன். அது சரியான சோதனை அல்ல. எழும்போது இருக்கையை முழங்காலால் தள்ளினேன். தானாக மடங்குகிறதா என்று பார்க்கவில்லை. இது என் பல வருடப் பழக்கம். மற்ற விமானங்களிலும் இப்படியே செய்திருக்கிறேன்.'

ரேடியோ தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "தாயே, உங்களுக்குக் காது மட்டும்தான் போச்சுன்னு நெனைச்சேன்," என்றார். "முதல் ரெண்டு வரியோட நிறுத்துங்க. அப்ப நல்லா இருந்துச்சு, அப்புறம் ஒடஞ்சுது. முடிஞ்சுது கதை."

"மூணு வாரமா ஒடஞ்சு கெடந்துச்சுன்னு அவர் சொன்னாரே."

"சொன்னாரு. எழுதலையே."

"மத்த வண்டியில?"

"மத்த வண்டியில என்ன?"

"எல்லாரும் தள்ளுறோம்னு நீங்கதானே சொன்னீங்க? மத்த வண்டியில எத்தனை சீட்டு செத்துக் கெடக்கோ. நான் நல்லா இருந்துச்சுன்னு எழுதினா யாரு போய்ப் பாப்பாங்க?"

ரேடியோ சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "ஒம்பது நாள்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

ஐந்து ஐம்பதுக்கு எனக்குப் போன் வந்தது. ஆலையிலிருந்து வெளியே வந்து கொண்டிருந்தேன். நடந்ததை முழுதும் சொன்னாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள்.

"என்னக்கா பண்ணட்டும்?"

எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. நான் சொன்னது இதுதான்: "அடி, அந்தக் கடைசி அஞ்சு வரியை அடிச்சிடு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. முப்பதாம் தேதிக்கு அப்புறம் என்ன வேணா எழுதிக்கோ."

"சரிக்கா," என்றாள்.

"அடிச்சிடுவியா?"

"வீட்டுக்கு வரேன்கா," என்று வைத்துவிட்டாள்.

அவள் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கழுவிய முகத்தைத் துடைக்காமலே சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். எனக்குக் கோபமான கோபம். ஊர் உலகத்தில் உனக்கு மட்டும்தான் நியாயம் தெரியுமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர், "சாப்பிட விடு அவளை," என்றார். "நீங்க சும்மா இருங்க," என்றேன். அவள் இரண்டு பேரையும் பார்த்து, "இந்தப் பக்கம் பேசினா எனக்குக் கேக்கலை. திட்டுறதா இருந்தா வலது பக்கம் வந்து திட்டுக்கா," என்றாள். எனக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

இருபத்தைந்தாம் தேதி அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேலாளர் ஒரு அம்மா, அவரும் இருபது வருடம் பறந்தவர். மேசைமேல் பழைய சோதனைத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"நீங்க சொல்ற அந்த மூணு வாரத்துல உங்களுக்கு முன்னால நாப்பத்தொரு பேர் நல்ல நிலைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார். "அவங்க யாரையும் நான் ஒண்ணும் கேக்க முடியாது. அவங்க சோதிச்சப்ப நல்லாதான் மடங்குச்சுன்னு சொல்வாங்க. சோதிக்கலைன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

"தெரியும் மேடம்."

"நம்ம பதினாலு வண்டியையும் பாக்கச் சொன்னேன். இன்னும் மூணு சீட்டு அப்படிக் கெடந்துச்சு. மாத்தியாச்சு." தாள்களை ஒன்றாக அடுக்கினார். "அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். சொல்றேன். ஆனா இன்சார்ஜ் போட்ட கையெழுத்து தப்புன்னு இன்சார்ஜே எழுதிக் குடுத்த பிறகு, உறுதி செய்யறேன்னு நான் எப்படி எழுதுறது?"

இவள் அதற்கு வாதாடவில்லை. எப்படி எழுத முடியும் என்று அவளுக்கும் தோன்றவில்லையாம்.

இருபத்தெட்டாம் தேதி கடிதம் வந்தது. சோதனைக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று இருந்தது. பயிற்சி நிலையத்தில் அடுத்த காலியிடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பீரோவிலிருந்த படிவத்தை நான் எடுக்கப் போனபோது அவள், "வெச்சிரு அக்கா, தேதியை மட்டும் மாத்திக்கலாம்," என்றாள்.

அதே வாரம் எல்லா ஊழியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. 'மடக்கு இருக்கையை இறக்கியபின் கையையும் காலையும் எடுத்துவிட்டு ஓரடி விலகி நிற்கவும். தானாக மடங்க வேண்டும்.' அதில் அவள் பெயர் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் இப்போது கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. "எந்தப் புண்ணியவான் கெளப்பிவிட்டானோ" என்று சிலர் அவள் எதிரிலேயே அலுத்துக்கொள்கிறார்களாம். ரேடியோ அந்த மாதிரி நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பார் என்றாள். அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த வாரம் அவளுக்கு ஓய்வு நாள். காது டாக்டரிடம் கூடப் போனேன். வரிசையில் எங்கள் எண் பத்தொன்பது. ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"போன மாசத்தோட தரைக்கு வந்துடுவேன்னு சொன்னீங்களே?"

"இன்னும் ஆறு மாசம் ஆகும் டாக்டர். அதுவரைக்கும் தாங்குமா?"

"காது உங்க ஆபீஸ் இல்லம்மா, கேட்டவுடனே நீட்டிப்புக் குடுக்க."

அவள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை பார்த்தார், சொட்டு மருந்து எழுதினார். "சளி இருந்தா ஒரு நாள்கூடப் பறக்கக் கூடாது. லீவு குடுக்கலன்னா நேரா இங்க வாங்க, நான் சீட்டு எழுதித் தரேன். அப்படி இருந்தா ஆறு மாசம் ஓட்டிடலாம். ஏழாவது மாசத்துக்கு என்னைக் கேக்காதீங்க."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள், வலது காது என் பக்கம் இருக்கட்டும் என்று.

"அக்கா, நாளைக்கு எத்தனை மணி வண்டி?"

"அஞ்சு இருபது."

"நீ பாத்து வெச்சிருப்பேன்னு தெரியும்."

அன்று போனில் நான் சொன்னதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியதுதான் சரி என்று. வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு திரும்பினால், அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கள் பேருந்து வந்தது, விட்டுவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. நடத்துனர் படியில் நின்று, வருகிறீர்களா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.